பாத பூஜைக்கு முன் ஒரு நகப் பரிசோதனை

என் நாத்தனார் ஓய்வு பெற்ற மிசி. மலாக்காவில் ஆஸ்பத்திரித் தாதியை நாங்கள் மிசி என்றுதான் சொல்வோம். வெள்ளை உடுப்பைக் கழற்றி வைத்துப் பல வருடமாகியும் அதற்குள் இருந்த அதிகாரத்தை மட்டும் அவள் கழற்றவே இல்லை. கணவரின் அக்கா, வயதில் மூத்தவள். 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. எனக்குக் கை வரவில்லை. இதை நல்ல மனத்தோடு எழுதப்போவதாக நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவும் இல்லை.

பெம்பானில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போகிற யாரும் நோய் இல்லாமல் திரும்பி வந்ததில்லை. கீழிமையை இழுத்துப் பார்த்து ரத்தம் போதாது என்பாள். பாதம் வீங்கியிருந்தால் கிட்னி. கொட்டாவி விட்டால் சர்க்கரை. பரிசோதனை, மண்ணாங்கட்டி எதுவும் அவளுக்குத் தேவையில்லை. "நான் பாக்காத நோயா?" என்பதுதான் அவளுடைய எக்ஸ்ரே. சொந்தக்காரர்கள் பயந்துபோய்த் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டியிருக்கிறேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

என் ஒரே மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் வீடு குருபோங்கில், நான் வேலை செய்யும் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் தாமான் குடியிருப்பில். ஒரு ஞாயிற்றுக்கிழமை புக்கிட் காத்திலில் என் வீட்டில் சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்து மண்டபம், சமையல், மாலை என்று பேசிக்கொண்டிருந்தோம். நான் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்தேன். பேச்சு பாத பூஜைக்கு வந்தது.

இங்கே எங்கள் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன் பாத பூஜை உண்டு. மாப்பிள்ளை தன் தாய் தகப்பனின் பாதங்களைத் தாம்பாளத்தில் வைத்துப் பாலும் தண்ணீரும் ஊற்றிக் கழுவி, துடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்துப் பூப்போட்டு வணங்குவான். இப்போது மேடைக்கு இரண்டு பக்கமும் பெரிய திரை வைத்துவிடுகிறார்கள். கேமராக்காரர் பாதத்துக்குக் கிட்டப் போய்ப் பிடிப்பார். மண்டபத்தின் கடைசி வரிசையில் பிரியாணி எப்போது வரும் என்று காத்திருப்பவர்கூட மாப்பிள்ளையின் அம்மா காலைப் பார்க்கலாம்.

என் கணவர் இல்லை. மகன் இடைநிலைப் பள்ளியில் இருந்தபோதே போய்விட்டார். அன்றிலிருந்து எனக்கு மனத்துக்குள் ஒரே ஓர் ஆசை இருந்தது: என் பிள்ளை ஒருநாள் எல்லார் முன்னாலும் என் காலைக் கழுவ வேண்டும். பக்கத்து நாற்காலியில் அவர் படம் இருக்கும். நான் புதுப்புடவை கட்டி உட்கார்ந்திருப்பேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நாற்காலிக்காகத்தான் நான் இத்தனை வருடம் ஓடினேன்.

நாத்தனார் பேச்சை நிறுத்திவிட்டு என் காலையே பார்த்தாள்.

"என்னம்மா இது, பெருவிரல் நகம்? இங்க காட்டு."

காட்டினேன். வலது கால் பெருவிரல் நகம் தடித்து, மஞ்சளாகி, ஓரத்தில் தூக்கிக்கொண்டு இருந்தது. இடது காலிலும் கொஞ்சம். வலி இல்லாததால் நான் அதைப் பெரிதாக நினைத்ததே இல்லை.

"ஃபங்கஸ்" என்றாள். "நகச்சொத்தை. பாத்தாலே தெரியுதே. இது ஒட்டிக்கும்லா. புள்ள கையால இத கழுவ வைக்கப் போறியா? நாளைக்கு அந்தப் பொண்ணுக்கும் வந்தா யாரு பதில் சொல்றது?"

அவளே முடித்தாள்.

"நீ கவலப்படாத. பாத பூஜைக்கு நானும் மாமாவும் உக்காந்துக்கறோம். தம்பி எடத்துல நான் இருக்க மாட்டேனா? ஜோடியா இருந்தா பாக்கவும் லட்சணமா இருக்கும்."

ஜோடியா. அந்த ஒரு சொல்லில் பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது. புருஷன் இல்லாதவள் மேடையில் உட்காரக்கூடாது என்று அவள் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் என் மகன் வீட்டையே இரண்டாக்கியிருப்பான். அது அவளுக்குத் தெரியும். விதவை என்றால் பத்தாம்பசலித்தனம். பூஞ்சை என்றால் சுகாதாரம். மிசி சொன்னால் யார் எதிர்த்துப் பேசுவார்கள்?

மகன், "இல்ல அத்தை, அம்மாதான் உக்காருவாங்க" என்றான். ஆனால் சொல்லிவிட்டு என் நகத்தைப் பார்த்தான். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தான். ஒரு கணம்தான். அவனுக்கே அது தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு கணத்தை என் பிள்ளைக்குள் போட்டவளை நான் சும்மா விடுவதில்லை என்று அங்கேயே, வெற்றிலைத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டே முடிவு செய்தேன்.

அடுத்த வாரமே அவள் ஒரு சின்ன பாட்டிலும் ஒரு அட்டை மாத்திரையும் கொண்டுவந்து கொடுத்தாள். பாட்டிலில் இருப்பதை நகத்தில் பூச வேண்டுமாம், மாத்திரையைத் தினமும் விழுங்க வேண்டுமாம். பயத்தில் பூசத்தான் செய்தேன். மாத்திரையை மட்டும் ஏனோ அலமாரியில் போட்டுவைத்தேன்.

பூசப் பூச எனக்குள் ஒன்று உறுத்தியது. நான் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். பிரஸ்ஸிலிருந்து இறங்கும் இரும்புத் துண்டில் ஒரு கோடு தெரிந்தால் அதைக் கண்ணால் பார்த்துக் குப்பையில் போட எங்களுக்கு அனுமதி இல்லை. அது விரிசலா, வெறும் எண்ணெய்க் கறையா? சாயம் ஊற்றிப் பார்க்க வேண்டும், கருவி வைத்து அளக்க வேண்டும். புதிதாக வரும் பிள்ளைகள் 'பாத்தாலே தெரியுதே அக்கா' என்று சொல்லி என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். ஓர் இரும்புத் துண்டுக்கு இருக்கும் நியாயம் என் நகத்துக்கு இல்லையா?

டாக்டரிடம் போவது என்று முடிவு செய்தேன். போவதற்கு முந்தின நாள் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஒரு டாக்டரிடம் போய் அழுக்குக் காலை நீட்டுவதா? வெந்நீரில் ஊறவைத்து, எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்து, கல்லில் உரசி, நகத்துக்கு அடியில் இருந்த மாவு போன்றதை எல்லாம் ஊசியால் நோண்டி எடுத்து, நகத்தை ஒட்ட வெட்டி, வெள்ளிக்கிழமைபோல மஞ்சளும் பூசிக்கொண்டு போனேன். கோயிலுக்குப் போகிற கால் மாதிரி இருந்தது.

டாக்டர் இளம்பெண். யாழ்ப்பாணத் தமிழர் குடும்பம். தமிழில் ஆரம்பித்து ஆங்கிலத்தில் முடிக்கிற பேச்சு. விளக்கு வைத்த ஒரு சின்ன பூதக்கண்ணாடியை என் நகத்தின் மேல் வைத்துக் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து பெருமூச்சு விட்டாள்.

"ஆண்ட்டி, எனக்கு வேண்டியத எல்லாம் நீங்களே கழுவி ஊத்திட்டீங்களே."

"என்னங்க டாக்டர்?"

"நகத்துக்கு அடியில ஒரு பொடி மாதிரி இருந்திருக்கும் இல்ல? ஃபங்கஸ் இருந்தா அதுலதான் இருக்கும். அதத்தான் நான் சுரண்டி எடுத்து லேபுக்கு அனுப்பணும். இப்ப எடுக்க ஒண்ணுமே இல்லையே. மஞ்சள் வேற போட்டிருக்கீங்க, கலர் எது நகத்தோடது, எது மஞ்சளோடதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? மருந்து ஏதாவது போட்டீங்களா?"

பாட்டிலைச் சொன்னேன். மாத்திரை அட்டையையும் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அதை வாங்கிப் பார்த்ததும் முகம் மாறியது.

"இத யாரு குடுத்தா? இது மாசக்கணக்குல சாப்பிடுற மாத்திரை. ஈரல் நல்லா இருக்கான்னு ரத்தம் பாக்காம நாங்க குடுக்கவே மாட்டோம். நீங்க கொலஸ்ட்ராலுக்கு வேற மாத்திரை எடுக்கறீங்க, ரெண்டும் சேர்ந்தா பிரச்சினை ஆகலாம். அதுவும் ஃபங்கஸ்தான்னு டெஸ்ட்ல தெரியாம?"

"பாத்தாலே தெரியும்னு சொன்னாங்க."

"எனக்கே பாத்தா தெரியாது ஆண்ட்டி" என்றாள் டாக்டர். "இப்படி வர்ற நகத்துல பாதிக்கு ஃபங்கஸே இருக்காது. வேற காரணம் நெறைய இருக்கு. பாக்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்."

எனக்கு அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. நாற்காலியைப் பிடுங்கியது போதாதென்று என் ஈரலையும் சேர்த்துப் பிடுங்கப் பார்த்திருக்கிறாள் மகராசி. குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதைதான்.

ஆனால் டாக்டர் அன்று எதையும் எடுக்கவில்லை. மருந்தை நிறுத்த வேண்டும். மருந்து பூசிய நகத்திலிருந்து எடுத்தால், பூஞ்சை இருந்தாலும் 'இல்லை' என்று வந்துவிடும். அந்த இல்லையை நம்ப முடியாது. சில வாரம் நகத்தை வளர விட வேண்டும். தேய்க்கக்கூடாது, நோண்டக்கூடாது, மஞ்சள் கூடாது. அழுக்காகவே வர வேண்டும். "அடுத்த தடவை வரும்போது நீங்க வேலைக்குப் போடுற சப்பாத்தையும் கொண்டு வாங்க" என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அந்த வாரங்கள் இருக்கின்றனவே, எதிரிக்கும் வேண்டாம். இல்லை, எதிரிக்கு வரட்டும். கல்யாண வீட்டுக்காரி, பத்திரிகை வைக்க வீடு வீடாக ஏறி இறங்குகிறேன், எல்லா வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்ற வேண்டும். நகமோ நாளுக்கு நாள் வளர்ந்து, மஞ்சளாகி, அடியில் பொடி சேர்ந்து, நாத்தனார் சொன்னதற்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. புடவைக் கொசுவத்தை இழுத்து இழுத்து மூடினேன். அவளோ பார்க்கும்போதெல்லாம் குனிந்து பார்த்து, "பூசறியா இல்லையா? கூடிட்டே போகுதே" என்பாள்.

பரிசம் போட குருபோங்குக்குப் போனோம். சீர்த்தட்டுகளோடு பெண் வீட்டு வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றினோம். சம்பந்தியம்மா உள்ளேயிருந்து ஓடிவந்தார். கையில் ஒரு ஜோடி நீல ரப்பர் சிலிப்பர். புதுசு, விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. அதை என் முன்னால் மட்டும் குனிந்து வைத்தார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க. மிசியம்மா சொன்னாங்க. டைல்ஸ் தரை, சின்னப் பிள்ளைங்க தவழுதுங்க. அதான்."

தமிழர் வீட்டுக்குள் யார் சிலிப்பர் போட்டுக்கொண்டு நடப்பார்கள்? நான் நடந்தேன். பளபளவென்ற தரையில் அது சப் சப் என்று அடிக்க, வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்த கூட்டம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. சாமி அறையில் விளக்கேற்றிச் சீர்த்தட்டை வைக்க வேண்டிய நேரம் வந்தது. சிலிப்பரோடு சாமி அறைக்குள் போக முடியுமா? மாப்பிள்ளையின் அம்மா நான், நிலைப்படிக்கு வெளியே நின்றேன். நாத்தனார் என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி என்னைப் பார்த்து, பரிதாபமாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இன்றும் என்னால் வரைந்து காட்ட முடியும்.

மகன் அப்போது வெளியே ஆண்களோடு இருந்தான். அவனிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் கோபப்படுவான், கத்துவான், பிறகு சமாதானம் ஆகிவிடும். எனக்குச் சமாதானம் வேண்டியிருக்கவில்லை.

மீண்டும் டாக்டரிடம் போனபோது என் நகத்தைப் பார்த்து அவள் முகம் மலர்ந்ததே, என் காலைப் பார்த்து அப்படி யாரும் மகிழ்ந்ததில்லை. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். நுனியை வெட்டி ஓரமாக ஒதுக்கினாள். நுனியில் இருப்பது வெளி அழுக்கு, கெட்ட இடமும் நல்ல இடமும் சேருகிற எல்லையில்தான் உண்மை இருக்கும் என்றாள். நகத்துக்கு அடியில் உள்ளே உள்ளே போய்ச் சுரண்டினாள். கொஞ்சம் வலித்தது. நன்றாகச் சுரண்டுங்கள் என்று சொன்னேன்.

எடுத்ததை மூன்று பங்காக்கினாள். ஒன்றை நகத்தையே கரைக்கும் ஒரு திரவத்தில் போட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்களாம். நகம் கரைந்துபோகும், பூஞ்சை இருந்தால் அதன் இழை மட்டும் கரையாமல் நிற்கும். நகத்துண்டு ஒன்று வேறொரு லேபுக்குப் போகும். அங்கே சாயம் ஏற்றுவார்கள், பூஞ்சை இருந்தால் சாயம் பிடித்து நிறம் காட்டிக்கொடுக்கும். சாயம் என்றதும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மூன்றாவதைத் தட்டில் போட்டு வளர விடுவார்கள். பூஞ்சை சோம்பேறி, முளைக்க வாரக்கணக்கில் ஆகும்.

"ஏன் மூணு?" என்று கேட்டேன்.

"ஒண்ணு 'இல்ல'ன்னு சொன்னா நான் முழுசா நம்ப மாட்டேன். எடுத்த எடத்துல இல்லாம பக்கத்துல இருந்திருக்கலாம். மூணும் 'இல்ல'ன்னா பேச்சு வேற."

பிறகு பிளாஸ்டிக் பையிலிருந்த என் சப்பாத்தைக் கேட்டாள். தொழிற்சாலையில் கொடுப்பது, முன்பக்கம் உள்ளே இரும்புத் தொப்பி வைத்தது. ஆண்களுக்காகச் செய்தது, நீளம் சரியாக இருந்தால் அகலம் சரியாக இருக்காது. வருடம் முழுக்க அதைப் போட்டுக்கொண்டு நாள் பூரா நிற்கிறேன். அவள் அதற்குள் கையை விட்டுத் தடவினாள். என் கையையும் பிடித்து உள்ளே விட்டாள். பெருவிரல் படுகிற இடத்தில் துணி தேய்ந்து இரும்பு தட்டுப்பட்டது.

"எனக்கு இதுமேலதான் சந்தேகம்" என்றாள். "நடக்கும்போதெல்லாம் நகம் இதுல இடிக்குது. வருஷக்கணக்கா. ஆனா சந்தேகம் வேற, உறுதி வேற. ரிசல்ட் வரட்டும்."

நுண்ணோக்கியில் இழை எதுவும் இல்லை என்று முதலில் சொன்னார்கள். சாயத்தில் ஒன்றும் இல்லை என்று அடுத்து வந்தது. தட்டு மட்டும் மிச்சம். கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. வாழைமரத்துக்குச் சொன்னேன், மாலைக்குச் சொன்னேன், மனம் மட்டும் ஏதோ ஒரு லேபில் மூடிய தட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. முளைத்துவிடாதே, முளைத்துவிடாதே என்று வேண்டிக்கொண்டேன். பந்தக்கால் நட்ட வாரம் டாக்டரே கூப்பிட்டாள்.

"ஒண்ணும் முளைக்கல ஆண்ட்டி. உங்களுக்கு ஃபங்கஸ் இல்ல. அது உங்க சப்பாத்து பண்ண வேலை. யாருக்கும் ஒட்டாது. தாராளமா காலைக் கழுவச் சொல்லுங்க."

மற்றவர்களாக இருந்தால் அழுதிருப்பார்கள். நான் நேரே கடைத்தெருவுக்குப் போய் ஒரு ஜோடி நீல ரப்பர் சிலிப்பர் வாங்கினேன்.

மகனிடம் சொன்னேன். "எனக்கு டெஸ்டெல்லாம் எதுக்கும்மா? எப்படி இருந்தாலும் நீங்கதான் உக்காந்திருப்பீங்க" என்றான். அந்த 'எப்படி இருந்தாலும்' என்பதை அன்று ஞாயிற்றுக்கிழமை, உள்ளங்கையைப் பார்க்காமல் சொல்லியிருக்கலாம் என்று நினைத்தேன்; அவனிடம் சொல்லவில்லை. சம்பந்தியம்மாவுக்குப் போன் செய்தேன். பாவம், அவர் தடுமாறிப்போய் மன்னிப்புக் கேட்டார். உடனே மன்னித்தேன். அவரோடு எனக்கு வழக்கில்லை.

நலுங்கு அன்று சாயங்காலம் என் வீடு நிறைந்திருந்தது. நாத்தனார் பட்டுப்புடவையும் பிரவுன் நகச்சாயமுமாகக் காடிக் கதவைத் திறந்து இறங்கி வாசலுக்கு வந்தாள். நான் சிலிப்பரைக் கொண்டுபோய், விலைச் சீட்டோடு, அவள் முன்னால் குனிந்து வைத்தேன்.

"என்ன இது?"

"போட்டுக்குங்க அண்ணி. தப்பா நெனச்சிக்காதீங்க."

"எனக்கு எதுக்கு?"

"எனக்கு டெஸ்ட் எடுத்தாச்சு அண்ணி. மூணு டெஸ்ட். ஒண்ணுமே இல்லன்னு வந்துருச்சு. நீங்க இன்னும் எடுக்கலயே?" குரலை நன்றாக உயர்த்தினேன். "கண்ணால பாத்தா யாருக்குமே தெரியாதாம்லா, டாக்டரே சொல்லிட்டாங்க. டைல்ஸ் தரை, சின்னப் பிள்ளைங்க தவழுதுங்க. அதான்."

அவள் புருஷன் தொண்டையைச் செருமினார். அவள் என்னைப் பார்த்தாள். திரும்பிப் போகலாம், போனால் மிசிக்கே சுகாதாரம் பிடிக்கவில்லை என்றாகும். வெறுங்காலோடு உள்ளே வரலாம். வந்தால் அன்று குருபோங்கில் நடந்தது என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். சிலிப்பரைப் போட்டுக்கொண்டாள்.

அன்றைய சாயங்காலம்போல ஒரு சாயங்காலம் எனக்கு வாய்த்ததில்லை. அவள் எழுந்தால் சப் சப். தண்ணீர் குடிக்கப் போனால் சப் சப். சாமி அறைக்கு வெளியே நின்றாள். நான் உள்ளே சூடம் ஏற்றி, தட்டை நிலைப்படி தாண்டிக் கொண்டுவந்து அவளுக்குக் காட்டினேன். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. சூடப் புகை என்று வைத்துக்கொண்டேன். தூங்கும்வரை எனக்குச் சிரிப்பாகவே இருந்தது.

கல்யாணத்தன்று நகத்துக்குச் சாயம் பூசலாமா என்று அலங்காரப் பெண் கேட்டாள். வேண்டாம் என்றேன். மருதாணியும் வேண்டாம் என்றேன். அந்த நகம் இருக்கிற லட்சணத்தில் அப்படியே திரையில் வரட்டும். கேமராக்காரரிடமும் தனியாகச் சொல்லி வைத்தேன்: "தம்பி, கால நல்லா கிட்ட வந்து எடுங்க." நாத்தனாருக்கு முதல் வரிசையில், திரைக்கு நேர் எதிரே இடம் ஒதுக்கச் சொன்னதும் நான்தான்.

குருக்கள் அழைத்தார். என் நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் அவர் படம், மாலையோடு. மகன் வந்து கீழே உட்கார்ந்து என் காலைத் தூக்கித் தாம்பாளத்தில் வைத்தான். மேளம் கொட்டியது. திரையில் என் பெருவிரல் ஒரு வாழைப்பூ அளவுக்கு வந்தது.

நான் அவளைப் பார்த்தேன். பார்க்க வேண்டும், அவள் இதைப் பார்ப்பதை நான் பார்க்க வேண்டும். அவள் தலைகுனிந்து மடியிலிருந்த கைப்பையின் கொக்கியைத் திருகிக்கொண்டிருந்தாள். நிமிர்வாள், நிமிர்ந்துதானே ஆக வேண்டும் என்று காத்திருந்தேன். காலில் பால் குளிர்ந்தது. தண்ணீர் ஓடியது. துணியால் யாரோ துடைப்பது தெரிந்தது. அவள் நிமிரவில்லை. மஞ்சளின் ஈரம், குங்குமம், பூ. இப்போது, இப்போது என்று கண்ணை எடுக்காமல் இருந்தேன். குருக்கள், "அட்சதையப் போடுங்கம்மா" என்றபோதுதான் குனிந்தேன். மகனின் தலை என் பாதத்தில் இருந்தது. அட்சதை போட்டேன். பாத பூஜை முடிந்துவிட்டது.

சில வாரம் கழித்துக் கல்யாண வீடியோ வந்தது. ஒரு மத்தியானம் மகனும் மருமகளும் நானும் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம்.

கேமராக்காரர் நான் சொன்னபடி கிட்டப் போய்த்தான் எடுத்திருந்தார். என் மகன் ஒவ்வொரு விரலாகக் கழுவுகிறான். பெருவிரலுக்கு வந்ததும் நிற்கிறான். இரும்பில் இடித்து இடித்துக் கெட்டுப்போன அந்த நகத்தைத் தன் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொள்கிறான். அப்படியே கொஞ்ச நேரம் பிடித்திருக்கிறான். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கிறான். உதடு அசைகிறது. ஏதோ சொல்கிறான். மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவனுக்கு மேலே நான் உட்கார்ந்திருக்கிறேன், தாடையை இறுக்கிக்கொண்டு, முதல் வரிசையைப் பார்த்தபடி. அவன் மறுபடியும் நிமிர்ந்து பார்க்கிறான். நான் திரும்பவே இல்லை.

என் பிள்ளை முகத்தை என்னிடமிருந்து பறித்ததும் அவள்தான் என்று அப்போதும் மனம் அவளைத்தான் ஏசியது. இன்றும் ஏசுகிறது.

"அப்ப என்னடா சொன்ன?" என்று கேட்டேன்.

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்குக் கேட்டுச்சின்னு நெனச்சேன்மா" என்றான்.

"கேக்கலடா. இப்ப சொல்லு."

"விடுங்கம்மா. ஒண்ணும் இல்ல."

மருமகள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, அடுத்த காட்சிக்குத் தள்ளினாள். தாலி கட்டிக்கொண்டிருந்தார்கள்.